பந்தை அமுக்கினால் கை வராது: மூளைக்கட்டி அறுவைக்குப் பின் கைப் பயிற்சி

மூளைக்கட்டி ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது ரப்பர் பந்தோடு வருவார். "சும்மா இருக்கும்போதெல்லாம் இதை அமுக்கிக்கிட்டே இருங்க, கை சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பலருக்கு அது தேவையில்லாத பயிற்சி, சிலருக்குக் கெடுதலும்கூட. சட்டைப் பித்தானைப் போட முடியாமல் திணறுகிறவரிடம் பிடிபலம் ஓரளவு இருந்துகொண்டே இருக்கலாம். எந்த விரல், எவ்வளவு தூரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு அவருக்குக் குலைந்திருக்கும். கையின் ஒருங்கிணைப்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அது பந்தை அமுக்குவதால் திரும்பாது.

கணக்கு எங்கே குலைந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பயிற்சி என்று சொல்ல முடியும். ஆகவே முதலில் அது.

கை ஏன் சொன்னபடி கேட்கவில்லை

கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. வலது மூளை இடது கையையும் இடது மூளை வலது கையையும் ஆளுகின்றன. கட்டி அந்தப் பகுதியிலோ, அங்கிருந்து இறங்கும் நரம்புப் பாதையிலோ இருந்தால் எதிர்ப்பக்கக் கை பலவீனப்படும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விரல்களை மொத்தமாக மடக்குவது முதலில் திரும்பும். கையை விரிப்பதும், ஒரு விரலை மட்டும் தனியாக அசைப்பதும் கடைசியில்தான் வரும். மடக்கும் தசைகள் ஏற்கெனவே இறுக்கம் பிடித்திருக்கும் கையில் பந்தைத் திணித்து மேலும் மடக்கச் சொன்னால், வர வேண்டிய விரிப்பு பின்தங்கிப் போகலாம்.

சிறுமூளையில் கட்டி இருந்தவரின் கதை வேறு. சிறுமூளை தன் பக்கத்துக் கையையே கவனித்துக்கொள்கிறது, வலது சிறுமூளை என்றால் வலது கை. கையில் பலம் இருக்கும், ஆனால் தம்ளரை எடுக்கப் போனால் அதைத் தாண்டிப் போகும், அல்லது எட்டாமல் நிற்கும். சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்காத கை, தம்ளரை நெருங்க நெருங்க ஆடும். உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றித் தொடையில் தட்டச் சொன்னால் தாளம் உடைந்துவிடும்.

மூன்றாவது, உணர்வு குறைந்த கை. உச்சிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் கட்டி இருந்தவர்களுக்கு இது வரும். கை எங்கே இருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்வரை கோப்பை கையில் நிற்கும், தலையைத் திருப்பிப் பேச ஆரம்பித்தால் நழுவிவிடும். வீட்டார் இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வார்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

நான்காவதுதான் குடும்பத்தைக் குழப்பும் வகை. பலமும் உணர்வும் சரியாக இருக்கும், ஆனால் சீப்பைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வது என்று கைக்குத் தெரியாது. பல் துலக்கும் பிரஷைத் தலைகீழாகப் பிடிப்பார். செயல் வரிசை தொலைந்துவிட்ட நிலை இது. பிடிவாதமோ புத்திக் குறைவோ அல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். முன்மூளையின் உட்பக்கத்தில் துணை இயக்கப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே அறுவை நடந்தால், கண் விழித்ததும் எதிர்ப்பக்கக் கை அசையாமலே கிடக்கலாம், பேச்சும் நின்றிருக்கலாம். பார்ப்பவர்களுக்கு உயிரே போகும். ஆனால் இது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பிவிடும். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வேகமாக இயக்குவதில் மட்டும் ஒரு சுணக்கம் மிஞ்சலாம். உங்கள் வீட்டில் நடந்தது இதுதானா என்று அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்து இருப்பதும் சகஜம்.

முதல் சில வாரங்கள்

அறுவைக்குப் பின் மூளையில் வீக்கம் இருக்கும். அது வடிய வடியக் கை தானாகவே கொஞ்சம் தேறும். வீக்கத்துக்காக டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். இதைத் தாமாக நிறுத்தவே கூடாது. இந்த மாத்திரை இரண்டு விதத்தில் பயிற்சியில் குறுக்கிடும். நாளாக நாளாகத் தோள், தொடைத் தசைகளைப் பலவீனமாக்கும், அதனால் விரல்கள் தேறும்போதே கையைத் தூக்குவது கடினமாகலாம். இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் காரணமில்லாத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு என்றால் சர்க்கரையைப் பாருங்கள்.

பலவீனமான கையைப் பிடித்து இழுத்து ஆளை எழுப்பாதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தசைகளின் பிடி தளர்ந்த தோள் மூட்டு அதன் குழியிலிருந்து இறங்கிவிடும், பிறகு வலியால் கையையே தொடவிடமாட்டார். உட்காரும்போது முன்கைக்குக் கீழே தலையணை வைத்து, கை தொங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் வருவார்கள். கைக்கு மெதுவாகச் செய்வதில் தவறில்லை. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அங்கே கை வைக்கவே கூடாது. மூளைக்கட்டி உள்ளவர்களுக்குக் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் அதிகம், உருவினால் அந்த உறைவு நுரையீரலுக்கு ஏறலாம். உடனே மருத்துவமனை.

தலையைத் தாழ்த்திக் குனிவது, கனம் தூக்குவது, மூச்சை அடக்கி முக்குவது எல்லாவற்றுக்கும் அறுவை மருத்துவர் சொன்ன காலம்வரை தடை. கைப் பயிற்சி எல்லாம் உட்கார்ந்து, மேசைமேல்.

மேசைமேல் என்னென்ன

விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. சில்லறைக் காசு, ஒரு பிடி காய்ந்த ஷுகர் பீன்ஸ் விதை, நாலைந்து துணி கிளிப், மூடி போட்ட ஊறுகாய் பாட்டில், ஒரு துண்டு. மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும்.

காசுப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் கையின் நுட்பம் முழுக்க அதில் இருக்கிறது. 5 ராண்டு காசு பெரியது, கனமானது. 10 சென்ட் காசு இருப்பதிலேயே பொடிசு. 5 ராண்டில் தொடங்குங்கள். முதல் படி, மேசையில் கிடக்கும் காசைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. மேசை விளிம்புவரை இழுத்து எடுத்தால் அது ஏமாற்று, நடுமேசையிலிருந்தே எடுக்க வேண்டும். வழுக்கினால் கீழே துண்டை விரியுங்கள். இரண்டாம் படி, எடுத்த காசை மறுகையின் உதவி இல்லாமல் விரல்நுனியிலிருந்து உள்ளங்கைக்கு நகர்த்தி, சின்ன விரலாலும் மோதிர விரலாலும் அங்கேயே பிடித்துக்கொண்டு, அடுத்த காசை எடுப்பது. ஐந்து காசு சேரும்வரை. மூன்றாம் படிதான் கடினம். உள்ளங்கையில் இருக்கும் ஐந்தில் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் தள்ளி விரல்நுனிக்குக் கொண்டுவந்து, மற்ற நான்கும் சிதறாமல், உண்டியல் துளையில் போடுவது. மினிபஸ் டாக்ஸியில் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாருடைய சில்லறையையும் எண்ணிப் பின்னால் அனுப்புகிறாரே, அவருடைய கை செய்வது அத்தனையும் இதுதான். மூன்றாம் படி வந்துவிட்டால் பித்தான், ஊசி, சாவி எல்லாம் பின்னாலேயே வரும்.

பீன்ஸும் இதே வழிதான், ஆனால் உருளும் என்பதால் ஒரு படி மேலே. 20 பீன்ஸைத் தட்டிலிருந்து டம்ளருக்கு மாற்றுங்கள். துணி கிளிப் நுனிவிரல் பலத்துக்கு. ஊறுகாய் பாட்டில் மூடி இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய. பலவீனமான கை பாட்டிலைப் பிடிக்கட்டும், மற்றது திருகட்டும். ஒரு வாரம் கழித்து மாற்றுங்கள்.

விரிக்கவே வராத கைக்கு இவற்றுக்கெல்லாம் இன்னும் காலம் வரவில்லை. துண்டை மேசையில் விரித்து, உள்ளங்கையை அதன்மேல் பதித்து, முன்னும் பின்னும் துடைப்பது போலத் தள்ளுவதில் தொடங்குங்கள். மணிக்கட்டு கீழே தொங்கிய நிலையில் விரல் சரியாகப் பிடிக்காது. உங்கள் நல்ல கையிலேயே மணிக்கட்டை முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், புரியும். ஆகவே பிடிப்பதற்கு முன் மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கி நிமிர்த்துவது பழகட்டும்.

நல்ல கையைக் கட்டிப்போட்டு மோசமான கையை வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. பக்கவாதத்துக்காக எட்வர்ட் டாப் என்பவர் வகுத்தது. மூல முறையில் இரண்டு வாரம், நாளுக்கு ஆறு மணிநேரம் வரை பயிற்சி. அதற்குக் குறைந்தபட்சத் தகுதியே மணிக்கட்டு 20 பாகை, விரல்கள் 10 பாகை தாமாக நிமிர வேண்டும் என்பது. இதைப் படித்துவிட்டு வீட்டில் கையுறை மாட்டிக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிரவே வராத கைக்கு இது வெறும் சித்திரவதை. தள்ளாடி நடப்பவருக்கு விழும்போது ஊன்றக்கூடக் கை இருக்காது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் நிபுணர்) பார்த்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

கை அசையவே இல்லை என்றால் கண்ணாடி முறை இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் வலிக்காகக் கண்டுபிடித்தது. மார்புக்கு நேரே மேசையில், நல்ல கையைப் பார்த்தபடி கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னே மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் அசைக்க முயல வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், பிம்பம் பொய் என்று மூளை கண்டுபிடித்துவிடும். வலிப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே செய்யலாம்.

ஆடும் கைக்கு

சிறுமூளை வகையினருக்கு அவசரம்தான் எதிரி. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் தோளின் ஆட்டம் விரலுக்கு வராது. தம்ளரைப் பாதி நிரப்புங்கள். அதைத் தூக்காமல் மேசையோடு மேசையாக இழுத்து அருகில் கொண்டுவந்து, பிறகு குடிக்கலாம். மணிக்கட்டில் சிறு எடைப்பட்டை கட்டினால் சிலருக்கு ஆட்டம் குறையும், கட்டியிருக்கும்வரைதான். கழற்றினால் பழைய கை. எடை கூடிப்போனால் தோள் சோர்ந்து ஆட்டம் கூடுவதையே பார்க்கலாம். கைபேசியில் தொடுதலுக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வைக்க அமைப்புகளில் வழி உண்டு. தப்புத் தப்பாக அழுத்துவது குறையும்.

இவர்களுக்குக் கோலத்தைவிட நல்ல பயிற்சி கிடையாது. தரையில் வேண்டாம், குனியக் கூடாது. கறுப்புத் தட்டு ஒன்றை மேசைமேல் வைத்து 3-க்கு 3 புள்ளி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொடியைப் பிடித்திருக்க, ஒரே சீராக விட வேண்டும். அழுத்தினால் நிற்கும், விட்டால் கொட்டும். ஆட்டம் எங்கே கூடுகிறது என்பது தட்டிலேயே எழுதியிருக்கும். கோடு புள்ளியை நெருங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோணும். நேர்கோட்டில் தொடங்கி, பிறகுதான் வளைவு. வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உணர்வு குறைந்த கைக்கு ஒரு துணிப்பையில் சாவி, புளியங்கொட்டை, பித்தான், கிராம்பு, 5 ராண்டு காசு போட்டு, கண்ணால் பாராமல் கையால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தவறினால் எடுத்துப் பார்த்து, மறுபடி கண்ணை மூடித் தடவட்டும். அடுப்பு, வெந்நீர், கத்தி மூன்றும் இந்தக் கைக்கு ஆபத்து. குளிக்கும் தண்ணீரின் சூட்டை மறுகையால் பாருங்கள். செயல்வரிசை தொலைந்தவருக்கோ மேசைப் பயிற்சி பயன் தராது. பல் துலக்குவதைக் குளியலறையிலேயே, தினமும் அதே வரிசையில், அவர் கைமேல் உங்கள் கையை வைத்து நடத்துங்கள். பேச்சைக் குறையுங்கள்.

சாப்பாடு

வலது கை பாதிக்கப்பட்டவருக்கு இதுதான் மானப் பிரச்சினை. இடது கையால் சாப்பிட மனம் வராது, ஸ்பூனால் ஊட்டிவிட்டால் கண் கலங்கும். நேரே சோற்றைப் பிசைந்து சாப்பிடச் சொல்லாதீர்கள், அது நாலைந்து வேலைகள் கூடியது. குழைந்த பருப்புச் சோற்றைப் பிசைவது முதலில், அதில் விரல்கள் ஒன்றாகத்தான் அசைகின்றன. பிறகு கவளமாகத் திரட்டுவது. பிறகு விரல்நுனிகளில் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோவது, இதில் முன்கை திரும்ப வேண்டும். கடைசியில் கட்டைவிரலின் நகப்பக்கத்தால் வாய்க்குள் தள்ளுவது. எது தடுக்கிறது என்று பார்த்து அதை மட்டும் பத்துத் தடவை பழகுங்கள். தட்டுக்குக் கீழே ஈரத்துணி, தட்டுக்கு உயரமான விளிம்பு. ஒற்றைக் கையால் ரொட்டி கிழிப்பது இதைவிடக் கடினம். ஓரத்தை இரண்டு விரல் அழுத்திப் பிடிக்க, மற்றவை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அதுவரை ரொட்டியைக் கிழித்தே வைத்துவிடுங்கள், ஆனால் முழுச் சாப்பாட்டையும் நீங்களே ஊட்டிவிடாதீர்கள். முதல் ஐந்து கவளம் அவர் கை, மீதி ஸ்பூன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு, எத்தனை தடவை

பழகும் தடவைகளின் எண்ணிக்கைதான் மூளையை மாற்றுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கவாத நோயாளிகளின் பயிற்சி அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓர் அமர்வில் பயனுள்ள கைச் செயல்கள் சராசரியாக 32 தடவைதான் நடந்தன. விலங்குகளில் மூளை மாற்றம் பார்த்த ஆய்வுகளில் நூற்றுக்கணக்கில். தெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பதை நம்பி இருந்தால் போதாது, வீட்டில்தான் எண்ணிக்கை சேரும்.

ஆனால் மூளைக்கட்டிக்காரருக்குச் சோர்வு பெரிய தடை. ஒரே மூச்சில் ஒரு மணிநேரம் வேண்டாம். 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை, முதல் அமர்வு காலையில். சோர்ந்தபின் செய்யும் அசைவு தப்பாகவே பதியும். தோள் காதை நோக்கி ஏறுகிறது, உடம்பு முன்னால் சாய்ந்து கைக்குப் பதில் வேலை செய்கிறது, மூச்சை அடக்குகிறார் என்று பார்த்தால் நிறுத்துங்கள், அல்லது பொருளை இன்னும் கிட்டே வையுங்கள். டி.வி.யை அணையுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால், அது நடக்கும் வாரங்களிலும் அதற்குப் பின் சில வாரமும் முன்னேற்றம் எதிர்பார்க்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

அளந்து பார்க்க 9 காசு போதும். ஒவ்வொன்றாக உண்டியலில் போட எத்தனை விநாடி என்று வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். தினமும் அளந்தால் மனம்தான் உடையும், நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். வேகமான தேறுதல் முதல் மூன்று மாதத்தில். அதன்பிறகும் நிற்காது, மெதுவாகும். கட்டி மறுபடி வளரும் வகையாக இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மீட்க ஓடாமல், அவருக்கு வேண்டிய இரண்டு மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, தடித்த கைப்பிடி ஸ்பூன், ஒட்டுப்பட்டி சட்டை போன்ற உதவிகளை முதலிலேயே கொண்டுவாருங்கள். அது தோல்வி இல்லை.

எப்போது பயிற்சியை விட்டு ஓட வேண்டும்

தேறிக்கொண்டிருந்த கை சில மணிநேரத்திலோ சில நாளிலோ பின்வாங்கினால், தலைவலியோடு வாந்தி, தூக்கக் கலக்கம், காய்ச்சல், தையலிலிருந்து நீர் கசிவு இருந்தால் அன்றே காட்டுங்கள். கைவிரல் தானாக, தாளமாகத் துடித்தால் அது வலிப்பாக இருக்கலாம். பிடித்து அடக்க முயலாமல் கைபேசியில் படம் எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ நினைவு தப்பினாலோ ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. மருத்துவர் அனுமதிக்கும்வரை கார் ஓட்டக் கூடாது.

டர்பனில் அரசு வழியாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையில் நடக்கும். அங்கே வேறு மருத்துவமனை அனுப்பினால்தான் எடுப்பார்கள், முடிந்ததும் உங்கள் பகுதி மருத்துவமனைக்கே திருப்பி அனுப்புவார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி ஆட்களுக்கு அது ஆர்.கே. கான் மருத்துவமனை. இந்த மாற்றத்தில்தான் கைப் பயிற்சி தொலைந்துபோகிறது. டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஆக்குபேஷனல் தெரபி, பிசியோ இரண்டும் எழுதியிருக்கிறதா என்று வார்டைவிட்டு இறங்கும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே எழுதி வாங்குங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் எத்தனை அமர்வுக்கு அனுமதி என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்குமேல் வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னால் சாசாவில் (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

தெரபிஸ்டிடம் போகும்போது "கை பரவாயில்லை" என்று சொல்வதைவிட, அவர் காசு எடுப்பதையும் சோறு பிசைவதையும் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். வார அளவுகள் எழுதிய தாளையும், ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம் என்பதையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறைவரை வீட்டில் செய்ய வேண்டிய மூன்று பயிற்சிகளை அவரையே உங்கள் கைபேசியில் செய்துகாட்டச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.